மொட்டை மாடியில் எழும் புதிய வீடு: உரிமை யாருக்கு, பாரம் யார் மீது?

புது தில்லி: இந்திய நகரங்களின் மையப் பகுதிகளில் காலி மனை என்பது அரிதாகிவிட்டது. தில்லியின் கரோல் பாக், மும்பையின் தாதர், கொல்கத்தாவின் புர்ரா பஜார், சென்னையின் தியாகராய நகர் என எங்கு நோக்கினும் நிலம் முழுவதும் கட்டடங்களால் நிறைந்துள்ளது. இந்நிலையில், கட்டட உரிமையாளர்களின் பார்வை இயல்பாகவே மேல்நோக்கித் திரும்பியுள்ளது. ஏற்கெனவே நிற்கும் 3 அல்லது 4 மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் மேலும் ஒரு வீட்டை எழுப்பி, அதனை வாடகைக்கு விடுவதோ விற்பதோ நாடு முழுவதும் பரவலாகக் காணப்படும் வழக்கமாகியுள்ளது.

அனுமதியற்ற கட்டுமானங்களுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17 அன்று பிறப்பித்த கண்டிப்பான உத்தரவுகள் இந்த வழக்கத்தை நேரடியாகப் பாதிக்கின்றன. நிறைவுச் சான்றிதழ் இல்லாத கட்டடத்துக்கு மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் கிடையாது என்ற நிலை உருவாகியுள்ளது. தலைநகர் தில்லியில், விதிமீறிய கட்டுமானங்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு அளித்துவரும் சிறப்புச் சட்டத்தின் காலவரம்பாக 2026 டிசம்பர் 31 நிர்ணயிக்கப்பட்டுள்ளது. ஆகவே, மொட்டை மாடி வீடு என்பது இனி ஒரு குடும்பத்தின் சொந்த விவகாரமாக மட்டும் இருக்க இயலாது. அது சொத்துரிமை, கட்டட உறுதி, தீப் பாதுகாப்பு, நகரத் திட்டமிடல் ஆகிய நான்கும் சந்திக்கும் இடமாகியுள்ளது.

மேல்நோக்கி வளர்வதன் நியாயம்

இத்தகைய கட்டுமானங்கள் அனைத்தையும் பேராசையின் விளைவு எனக் கூறிவிட முடியாது. மகனுக்கோ மகளுக்கோ திருமணமானதும் தனி இருப்பிடம் தேவைப்படும் குடும்பங்கள் உள்ளன. ஓய்வூதியம் இல்லாத முதியவர்களுக்கு மாடி வாடகையே மாத வருமானமாக இருப்பதுண்டு. நகர மையத்தில் வேலை செய்வோர் 30 கிலோ மீட்டர் தொலைவிலுள்ள புறநகரிலிருந்து அன்றாடம் வந்துசெல்வதைவிட, பணியிடத்துக்கு அருகே சிறிய வீடொன்றில் வாழ விரும்புவதும் இயற்கையே.

நகரமைப்பு நோக்கிலும் இதற்கு நியாயம் உண்டு. சாலை, குடிநீர்க் குழாய், கழிவுநீர்த் தடம், பேருந்து, பள்ளி, மருத்துவமனை ஆகியவை ஏற்கெனவே உள்ள இடத்தில் கூடுதல் மக்களைக் குடியமர்த்தினால், விளைநிலங்களையும் ஏரிகளையும் அழித்துப் புறநகரை விரிக்கும் தேவை குறைகிறது. பழைய கட்டடத்தை முற்றிலும் இடித்துப் புதிதாகக் கட்டுவதைவிட, உறுதியான கட்டடத்தின்மீது ஒரு தளத்தைச் சேர்ப்பது பொருட்செலவையும் இடிபாட்டுக் கழிவையும் குறைக்கும்.

எனினும், இந்த நன்மைகள் மூன்று நிபந்தனைகளைச் சார்ந்தவை. கட்டடம் கூடுதல் பாரத்தைத் தாங்க வேண்டும். அதில் ஏற்கெனவே வாழ்வோரின் உரிமை பறிபோகக் கூடாது. தெருவும் அடிப்படைக் கட்டமைப்பும் கூடுதல் மக்களுக்கு ஈடுகொடுக்க வேண்டும். நடைமுறையில் இம்மூன்றையும் சரிபார்க்காமலேயே பெரும்பாலும் தளம் போடப்படுகிறது என்பதே சிக்கலின் வேர்.

மொட்டை மாடி யாருக்குச் சொந்தம்?

ஒரே உரிமையாளருக்குச் சொந்தமான தனி வீட்டில் இக்கேள்வி எழுவதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பிலோ நிலைமை வேறு. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம், அதாவது ரெரா சட்டம், மொட்டை மாடியைப் பொதுப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்துள்ளது. படிக்கட்டு, மின்தூக்கி, பூங்கா ஆகியவற்றைப் போலவே மேல்தளமும் அனைத்து வீட்டு உரிமையாளர்களுக்கும் பொதுவானது என்பதே இதன் பொருள்.

அச்சட்டத்தின் 14-ஆவது பிரிவு மேலும் தெளிவானது. அனுமதிக்கப்பட்ட வரைபடத்திலோ பொதுப் பகுதிகளிலோ மாற்றமோ சேர்க்கையோ செய்ய வேண்டுமெனில், கட்டுமான நிறுவனம் நீங்கலாக, வீடு ஒதுக்கீடு பெற்றவர்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினரின் முன் எழுத்துப்பூர்வ ஒப்புதல் தேவை. விற்பனை ஒப்பந்தத்தில் 'எதிர்காலத்தில் மேலும் தளங்கள் கட்டும் உரிமை கட்டுமான நிறுவனத்துக்கு உண்டு' என்று பொதுப்படையாக எழுதிக்கொள்வது, இந்த ஒப்புதலுக்கு ஈடாகிவிடாது.

குடியிருப்பாளர்களின் ஒப்புதலுக்கு நீதிமன்றங்கள் அளிக்கும் முக்கியத்துவத்துக்கு நொய்டா இரட்டைக் கோபுர வழக்கு சான்றாகும். ஏற்கெனவே மக்கள் குடியேறிய வளாகத்தில், அவர்களது ஒப்புதலைப் பெறாமல் எழுப்பப்பட்ட கோபுரங்களை இடிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 31 அன்று உத்தரவிட்டது. கட்டடங்களுக்கு இடையேயான குறைந்தபட்ச இடைவெளி விதி மீறப்பட்டதையும், பொதுப் பகுதியில் வீட்டு உரிமையாளர்களுக்குள்ள பங்கு குறைக்கப்பட்டதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. 2022 ஆகஸ்ட் 28 அன்று அக்கோபுரங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்தப் பங்கு நன்கு அறிமுகமானது. அடுக்குமாடி வீட்டின் கிரயப் பத்திரத்தில் குறிப்பிடப்படும் பிரிக்கப்படாத மனைப் பங்கு, அதாவது யுடிஎஸ், அந்த மனையின் மீதான உரிமையின் அளவைக் காட்டுகிறது. 8 வீடுகளுக்கு முழு மனையும் பகிர்ந்து அளிக்கப்பட்ட பின்னர், மாடியில் 9-ஆவது வீடு எழுந்தால் அதற்குரிய மனைப் பங்கு எங்கிருந்து வரும்? ஒன்று, மற்றவர்களின் பங்கு குறைய வேண்டும். அல்லது அந்த வீட்டுக்கு மனைப் பங்கே இல்லாமல் போக வேண்டும். இரண்டாவது நிலையில், பிற்காலத்தில் கட்டடம் இடிக்கப்பட்டு மறுகட்டுமானம் நடைபெறும்போது மாடி வீட்டுக்காரரின் உரிமை கேள்விக்குறியாகிவிடும்.

தில்லியில் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனியே விற்கும் முறை பரவலாக உள்ளது. அங்கு மேல்தளத்தை வாங்குவோருக்கு 'கூரை உரிமை' என்ற பெயரில் மொட்டை மாடியும் சேர்த்து விற்கப்படுகிறது. ஆனால் பத்திரத்தில் உள்ள கூரை உரிமை வேறு. அக்கூரையின்மீது கட்டுவதற்கான அரசு அனுமதி வேறு. முன்னது இருவருக்கிடையேயான ஒப்பந்தம். பின்னது நகர விதிகளின்படி வழங்கப்பட வேண்டியது. பொது அதிகாரப் பத்திரத்தின் மூலம் செய்யப்படும் விற்பனை முழுமையான உரிமை மாற்றமாகாது என 2011-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. இருந்தும், பவர் பத்திரத்தை நம்பி மாடி உரிமை வாங்குவோர் இன்றும் உள்ளனர்.

விதிகள் அனுமதிக்கும் உயரம்

ஒரு மனையில் எத்தனை மாடிகள் கட்டலாம் என்பதைத் தளப் பரப்புக் குறியீடு, மொத்த உயரம், முன்னுள்ள சாலையின் அகலம், பக்க இடைவெளி, வாகன நிறுத்துமிடம் ஆகியவை சேர்ந்தே தீர்மானிக்கின்றன. தில்லியின் பெருந்திட்டம்-2021, குடியிருப்பு மனைகளில் 15 மீட்டர் உயரத்தையும், தரைத்தளம் முழுவதையும் வாகன நிறுத்துமிடமாக விட்டால் 17.5 மீட்டர் உயரத்தையும் அனுமதிக்கிறது. தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்-2019, உயரமல்லாத கட்டடங்களுக்கு 18.30 மீட்டரை வரம்பாக வைத்துள்ளன. இவற்றுக்கான அடிப்படைத் தளப் பரப்புக் குறியீடு 2 ஆகும். சாலையின் அகலத்தைப் பொறுத்துக் கட்டணம் செலுத்திக் கூடுதல் பரப்பைப் பெறவும் வழி உண்டு.

ஆகவே, பழைய விதிகளின் காலத்தில் 2 மாடிகளுடன் நிறுத்தப்பட்ட கட்டடத்துக்கு இன்று சட்டப்படியே மேலும் ஒரு தளம் கிடைக்க வாய்ப்புள்ளது. இந்த உண்மை பலருக்குத் தெரிவதில்லை. அனுமதி கேட்டாலே மறுத்துவிடுவார்கள் என்ற எண்ணத்தில், சட்டப்படி கிடைக்கக்கூடியதையும் திருட்டுத்தனமாகக் கட்டி இடிப்பு அச்சத்துடன் வாழும் குடும்பங்கள் உண்டு.

மறுபுறம், விதி அனுமதித்தாலும் அக்கம்பக்கத்தினர் எதிர்ப்பதற்கு ஹரியானா எடுத்துக்காட்டாக விளங்குகிறது. குருகிராம் உள்ளிட்ட நகரங்களில் வாகனத் தளத்துக்கு மேல் 4 மாடிகள் கட்டும் அனுமதிக்குக் கடும் எதிர்ப்பு எழுந்ததால், அம்மாநில அரசு 2023 பிப்ரவரியில் அதனை நிறுத்திவைத்தது. அண்டை வீட்டுச் சுவர்களில் விரிசல், குடிநீர்ப் பற்றாக்குறை, நிரம்பி வழியும் கழிவுநீர், தெருவை அடைக்கும் வாகனங்கள் ஆகியவை குறைகளாக முன்வைக்கப்பட்டன. 2024 ஜூலையில், சாலை அகலம், அண்டை மனையாளர்களின் ஒப்புதல் அல்லது கூடுதல் பக்க இடைவெளி போன்ற நிபந்தனைகளுடன் மீண்டும் அனுமதி அளிக்கப்பட்டது.

சண்டிகரில் உச்ச நீதிமன்றம் மேலும் ஒரு படி சென்றது. கட்டடக் கலைஞர் லே கார்பூசியே வடிவமைத்த முதற்கட்டப் பகுதியில், தனி வீடுகளை மாடி மாடியாகப் பிரித்து அடுக்குமாடி வீடுகளாக மாற்றுவதற்கு 2023 ஜனவரி 10 அன்று தடை விதித்தது. அப்பகுதியில் கட்டடங்கள் 3 தளங்களுக்கு மேல் செல்லக் கூடாது என்றும் கூறியது. நகர வளர்ச்சியை அனுமதிக்கும் முன்னர் சுற்றுச்சூழல் தாக்கத்தை ஆராய வேண்டும் என்ற கருத்தும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது.

கீழே இறங்கும் 100 டன்

சட்டத்தைவிடக் கடுமையானது புவியீர்ப்பு. 1,000 சதுர அடி பரப்புள்ள மாடி வீட்டின் எடையைத் தோராயமாகக் கணக்கிட்டால் நிலைமை விளங்கும். 125 மில்லி மீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளம் மட்டும் சுமார் 29 டன். 9 அங்குலச் செங்கற்சுவர், 3 மீட்டர் உயரத்துக்கு, ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறத்தாழ 1.4 டன். 40 மீட்டர் சுற்றளவுக்கு இதுவே, சன்னல் வாசல்களைக் கழிப்பதற்கு முன், 50 டன்னைத் தாண்டுகிறது. தரை ஓடு, உட்சுவர்கள், உத்தரங்கள், தூண்கள் ஆகியவற்றையும் சேர்த்தால் மொத்தம் 100 டன்னை எளிதில் கடக்கும். 2,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி மேலும் 2 டன்.

இந்திய தர நிர்ணய விதிகளின்படி, ஆட்கள் ஏறிச் செல்லும் கூரைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பயன்பாட்டுச் சுமையும், குடியிருப்பு அறைகளுக்குச் சுமார் 200 கிலோவும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. அதாவது, கூரையாக வடிவமைக்கப்பட்ட தளம் ஒரு வீட்டின் தரையாக வடிவமைக்கப்பட்டதன்று. தடுப்புச் சுவர்களின் எடை அதில் கணக்கிடப்பட்டிருக்காது. அதற்கும் கீழே தூண்களும் அஸ்திவாரமும் எத்தனை மாடிகளுக்காக அமைக்கப்பட்டன என்பது தனிக் கேள்வி.

நம் ஊர்களில் பல மொட்டை மாடிகளின் விளிம்பில் தூண் கம்பிகள் வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்பதைக் காணலாம். 'பின்னால் மாடி எடுத்துக்கொள்ளலாம்' என்ற நம்பிக்கையில் விடப்பட்டவை அவை. ஆனால் அக்கம்பிகள், அஸ்திவாரம் கூடுதல் மாடிக்காகப் போடப்பட்டது என்பதற்கான சான்று அல்ல. 10, 15 ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் நின்ற கம்பி துருப்பிடித்துத் தன் கனத்தை இழந்திருக்கும். அத்துரு தூணுக்குள்ளும் இறங்கியிருக்கக்கூடும். பழைய கம்பியுடன் புதுக் கம்பியை முடிச்சிட்டு அப்படியே கான்கிரீட் போடுவது கட்டடத்தின் மிக பலவீனமான இணைப்பை உருவாக்குவதாகும்.

நில அதிர்வு ஏற்படும்போது ஆபத்து பன்மடங்காகிறது. இந்திய நில அதிர்வு விதியான ஐ.எஸ். 1893, பக்கவாட்டு விசையை ஒவ்வொரு தளத்துக்கும் அதன் எடை மற்றும் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்துப் பகிர்ந்தளிக்கும் முறையைக் கொண்டுள்ளது. சம எடையுள்ள 4 தளங்களின் மீது அதே எடையில் 5-ஆவது தளம் சேர்ந்தால், கட்டடத்தின் எடை 25 சதவீதமே கூடும். ஆனால் மற்றவை மாறாதெனக் கொண்டால், கட்டடத்தைக் கவிழ்க்க முயலும் விசைத்திருப்பம் அம்முறைப்படி ஏறத்தாழ 50 சதவீதம் அதிகரிக்கும். உச்சியில் வைக்கப்படும் பாரமே அதிகமாக அசைகிறது என்பதே இதற்குக் காரணம்.

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியில் நேர்ந்த நிலநடுக்கத்தின்போது, 200 கிலோ மீட்டருக்கும் அப்பாலிருந்த அகமதாபாதில் அடுக்குமாடிக் கட்டடங்கள் பல சரிந்தன. தரைத்தளத்தில் சுவரின்றித் தூண்கள் மட்டும் நின்ற, வாகன நிறுத்துமிடத்துடன் கூடிய கட்டடங்களே பெரும் சேதத்துக்கு உள்ளாயின. அத்தகைய கட்டடத்தின் உச்சியில் மேலும் ஒரு வீட்டை வைப்பது, பலவீனமான கால்களின்மீது சுமையை ஏற்றுவதற்கு ஒப்பாகும்.

நிலநடுக்கம் இல்லாமலே இடிந்த கட்டடங்களும் உண்டு. 2010 நவம்பர் 15 அன்று கிழக்கு தில்லியின் லட்சுமி நகர், லலிதா பார்க் பகுதியில் பல மாடிக் குடியிருப்பு ஒன்று சரிந்து 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். யமுனை வெள்ளத்துக்குப் பின் அடித்தளத்தில் தேங்கிய நீரும், அனுமதியை மீறி எழுப்பப்பட்ட மாடிகளின் பாரமும் அவ்விபத்தின் காரணங்களாகப் பேசப்பட்டன. இறந்தவர்களில் பெரும்பாலானோர் அங்கு வாடகைக்குக் குடியிருந்த ஏழைத் தொழிலாளர் குடும்பத்தினர். மாடி எழுப்பும் முடிவை எடுத்தவர்கள் ஒருவர். அதன் விலையைக் கொடுத்தவர்கள் வேறொருவர்.

தீயின்போது திறந்திருக்க வேண்டிய கதவு

நகர மையக் கட்டடங்களில் கீழே கடைகளும் கிடங்குகளும், மேலே வீடுகளும் விடுதிகளும் இருப்பது வழக்கம். தீப்பற்றினால் புகை படிக்கட்டின் வழியே மேலேறும். கீழிறங்க முடியாதோர்க்கு எஞ்சும் ஒரே புகலிடம் மொட்டை மாடி. அங்கு ஒரு வீடோ உணவகமோ அமைந்து கதவு பூட்டப்பட்டால் அப்புகலிடமும் அடைபடுகிறது.

2017 டிசம்பர் 29 அன்று மும்பை கமலா மில்ஸ் வளாகத்தில் மாடி உணவகத்தில் மூண்ட தீயில் 14 பேர் உயிரிழந்தனர். 2019 பிப்ரவரி 12 அன்று தில்லி கரோல் பாக் விடுதித் தீ விபத்தில் 17 பேர் மாண்டனர்; அக்கட்டடத்தின் மொட்டை மாடியில் அமைக்கப்பட்டிருந்த தற்காலிகக் கட்டமைப்பு கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. 2025 ஏப்ரல் 29 அன்று கொல்கத்தா புர்ரா பஜார் பகுதி விடுதியில் ஏற்பட்ட தீயில் 14 பேர் பலியாகினர். அதன் பின்னர், மொட்டை மாடிகள் பொதுப் பயன்பாட்டுக்குரியவை எனக் கூறி, மாடி உணவகங்களை மூடுமாறு கொல்கத்தா மாநகராட்சி உத்தரவிட்டது.

தேசிய கட்டட நெறிமுறை-2016, 15 மீட்டர் மற்றும் அதற்கு மேற்பட்ட உயரமுள்ளவற்றை உயர்ந்த கட்டடங்களாக வகைப்படுத்துகிறது. அவ்வகைக் கட்டடங்களுக்குத் தீத்தடுப்பு ஏற்பாடுகள் கடுமையானவை. 13 மீட்டரில் நிற்கும் கட்டடத்தின்மீது 3 மீட்டர் உயர வீட்டைச் சேர்த்தால், அது அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. அப்போது கட்டடம் முழுவதுமே வேறு வகையினதாகிறது. ஆனால் அதன் படிக்கட்டின் அகலமோ, தண்ணீர்த் தொட்டியோ, தீயணைப்பு வாகனம் நுழைய வேண்டிய சந்தோ மாறுவதில்லை.

நீதிமன்றங்களின் பொறுமை குறைந்த கதை

கூடுதல் மாடி தொடர்பான வழக்குகள் நீதிமன்றங்களுக்குப் புதியவை அல்ல. ஒடிசாவின் கட்டாக்கில் அனுமதியின்றி எழுப்பப்பட்ட 5-ஆவது மாடி குறித்த வழக்கில், அபராதம் வாங்கிக்கொண்டு விதிமீறலை ஏற்பது விதிவிலக்காகவே இருக்க வேண்டும், விதியாகிவிடக் கூடாது என உச்ச நீதிமன்றம் 2004-ஆம் ஆண்டில் எச்சரித்தது. மும்பை வொர்லியின் காம்பா கோலா வளாகத்தில் 5 மாடிகளுக்கு அனுமதி பெற்று, ஒரு கட்டடத்தில் 17 மாடிகளும் மற்றொன்றில் 20 மாடிகளும் வரை கட்டப்பட்டிருந்தன. 1980-களில் எழுந்த அக்கட்டடங்களின் கூடுதல் மாடிகளைப் பாதுகாக்க இயலாது என 2013 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. கட்டியவர்கள் விலகிச் சென்றுவிட்ட நிலையில், வீடு வாங்கியவர்களே வீதியில் நின்று போராடினர்.

இவ்வரிசையில் 2024 டிசம்பர் 17 தீர்ப்பு மிகவும் விரிவானது. உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில் குடியிருப்பு மனையில் எழுப்பப்பட்ட வணிக வளாகம் தொடர்பான அவ்வழக்கை நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அடங்கிய அமர்வு விசாரித்தது. நீண்ட காலம் கடந்துவிட்டது, பெரும் தொகை முதலீடு செய்யப்பட்டுவிட்டது, அதிகாரிகள் நடவடிக்கை எடுக்காமல் இருந்தனர் ஆகிய காரணங்களைக் காட்டி அனுமதியற்ற கட்டடத்தைக் காப்பாற்ற முடியாது என அமர்வு தெளிவாகக் கூறியது.

அத்தீர்ப்பு நாடு முழுவதற்கும் சில வழிமுறைகளை வகுத்தது. அனுமதிக்கப்பட்ட வரைபடத்தைக் கட்டுமான இடத்தில் காட்சிக்கு வைக்க வேண்டும். அதிகாரிகள் அவ்வப்போது ஆய்வு செய்து பதிவேட்டில் குறிக்க வேண்டும். நிறைவுச் சான்றிதழைக் கண்ட பின்னரே மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் வழங்கப்பட வேண்டும். வங்கிகள் அச்சான்றிதழைச் சரிபார்த்த பிறகே அக்கட்டடத்தின் பேரில் கடன் அளிக்க வேண்டும். தவறாகச் சான்றிதழ் வழங்கும் அதிகாரிகள்மீது துறை நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும். இவ்வளவு நாள் மாடி வீட்டுக்கு உயிரூட்டிவந்த மின் இணைப்பும் வங்கிக் கடனும் இதனால் அடைபடுகின்றன.

பின்வாசல் அடைபடுமா?

தீர்ப்பு கடுமையாக இருந்தாலும், அரசுகள் திறந்துவைக்கும் பின்வாசல்கள் இன்னும் முழுமையாக மூடப்படவில்லை. தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டில் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 113-ஏ பிரிவு, விதிமீறிய கட்டடங்களை ஒருமுறை மட்டும் வரன்முறைப்படுத்தும் நோக்கம் கொண்டது. பின்னர் அதன் கடைசித் தேதி பலமுறை நீட்டிக்கப்பட்டது. அந்நீட்டிப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் ஏற்க மறுத்தது. அதன் பிறகும், 2007 ஜூலை 1-க்கு முந்தைய கட்டடங்களுக்காக 113-சி என்ற புதிய பிரிவு வந்தது. 'ஒருமுறை மட்டும்' என்ற சலுகை திரும்பத் திரும்ப வரும்போது, விதியை மதித்து 2 மாடிகளுடன் நிறுத்தியவர் ஏமாளியாகிறார்.

தில்லியில் 2006-ஆம் ஆண்டு சீல் வைப்பு நடவடிக்கைகள் தீவிரமடைந்தபோது, நாடாளுமன்றம் ஓராண்டுக்கான சிறப்புச் சட்டத்தை இயற்றியது. அப்பாதுகாப்பு அடுத்தடுத்த சட்டங்களாலும் திருத்தங்களாலும் தொடர்ந்து நீட்டிக்கப்பட்டு, 2023 டிசம்பரில் மேலும் 3 ஆண்டுகளுக்கு நீட்சி பெற்றது. இச்சட்டம் கட்டடத்தைச் சட்டப்பூர்வமாக்குவதில்லை. குறிப்பிட்ட தேதிகளுக்கு முந்தைய கட்டுமானங்கள்மீதான நடவடிக்கையைத் தள்ளிவைக்கிறது, அவ்வளவே. 20 ஆண்டுகளாகத் தள்ளிவைக்கப்பட்ட முடிவை இனியாவது எடுக்க வேண்டிய கட்டாயம் ஆட்சியாளர்களுக்கு உள்ளது.

கர்நாடகத்தின் அனுபவமும் கவனிக்கத்தக்கது. உச்ச நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, சான்றிதழ் இல்லாத புதிய கட்டடங்களுக்கு மின் இணைப்பு நிறுத்தப்பட்டதால் ஏராளமான சிறு வீட்டு உரிமையாளர்கள் பாதிக்கப்பட்டனர். இதையடுத்து, 1,200 சதுர அடி வரையிலான மனைகளில் உயர வரம்புக்கு உட்பட்டுக் கட்டப்படும் வீடுகளுக்குக் குடியிருப்புச் சான்றிலிருந்து விலக்கு அளிக்க மாநில அரசு 2025-இல் முடிவெடுத்தது. சிறு வீட்டுக்காரரை அலைக்கழிக்கக் கூடாது என்ற நோக்கம் நல்லதே. ஆனால் இடுங்கிய மனைகளில் நெருக்கமாக நிற்கும் கட்டடங்களிலேயே கூடுதல் மாடி ஆபத்து மிகுதி என்பதையும் மறந்துவிட இயலாது.

முன்வாசலைத் திறக்க வேண்டும்

தடை மட்டுமே தீர்வாகாது. வீட்டுத் தேவை இருக்கும்வரை மாடி எழும்பிக்கொண்டுதான் இருக்கும். சட்டப்படியான வழி எளிதாகவும் செலவு குறைவாகவும் இருந்தால், இடிப்பு அச்சத்துடன் கட்டும் தேவை குறையும்.

முதலாவதாக, கூடுதல் தளத்துக்கென்றே தனி விண்ணப்ப முறை தேவை. புதிய கட்டடத்துக்கும் பழைய கட்டடத்தின்மீதான சேர்க்கைக்கும் தேவைப்படும் ஆவணங்கள் ஒன்றல்ல. பின்னதற்கு, பழைய கட்டடத்தின் உறுதித்தன்மை அறிக்கை முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும். இதற்கான தொழில்நுட்ப அடிப்படை நாட்டில் ஏற்கெனவே உள்ளது. பழைய கான்கிரீட் கட்டடங்களின் நில அதிர்வுத் தாங்குதிறனை மதிப்பிட்டு வலுப்படுத்துவதற்கு ஐ.எஸ். 15988 என்ற வழிகாட்டி 2013-ஆம் ஆண்டிலேயே வெளியாகிவிட்டது. தூணிலிருந்து கான்கிரீட் மாதிரி எடுத்துச் சோதித்தல், கம்பியின் துருவை அளத்தல், அஸ்திவாரத்தை ஓரிடத்திலாவது தோண்டிப் பார்த்தல் ஆகியவை பழக்கமான முறைகளே. குறை காணப்பட்டால், தூண்களுக்குக் கான்கிரீட் உறையிட்டு வலுவூட்டவும் முடியும்.

இரண்டாவதாக, எடை குறைந்த கட்டுமானத்தை விதிகள் ஊக்குவிக்க வேண்டும். 8 அங்குல ஏ.ஏ.சி. கற்களால் எழுப்பப்படும் 3 மீட்டர் உயரச் சுவர், மீட்டருக்கு ஏறத்தாழ 0.4 டன் மட்டுமே இருக்கும். செங்கற்சுவரின் எடையில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எஃகுச் சட்டகமும் இலகுவான கூரையும் பயன்படுத்தினால் பாரம் மேலும் குறையும். எனினும், கரோல் பாக் விபத்தை நினைவிற்கொண்டு, எளிதில் தீப்பற்றும் தகடுகளுக்கு இதில் இடமளிக்கக் கூடாது.

மூன்றாவதாக, மாடி முழுவதையும் வீடு விழுங்கிவிடக் கூடாது. ஒரு பகுதியாவது அனைவருக்கும் திறந்த வெளியாக, பொதுப் படிக்கட்டிலிருந்து பூட்டின்றி நேரடியாக அடையக்கூடியதாக இருக்க வேண்டும். தீ விபத்தில் உயிர் காக்கும் இவ்விதியை எந்த அபராதத்தாலும் ஈடுசெய்ய விடக் கூடாது.

நான்காவதாக, கூடுதல் தளத்துக்கு வசூலிக்கப்படும் கட்டணம் அதே தெருவின் குடிநீர், கழிவுநீர், மழைநீர் வடிகால் பணிகளுக்குச் செலவிடப்பட வேண்டும். கட்டணம் பொதுக் கருவூலத்துக்கும் நெரிசல் அத்தெருவாசிகளுக்கும் என்றிருக்கும்வரை, குருகிராமில் எழுந்த எதிர்ப்பு மற்ற நகரங்களிலும் எழவே செய்யும்.

வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்விகள்

மாடி வீட்டின் விலை அதே தெருவின் மற்ற வீடுகளைவிடக் குறைவாக இருந்தால், அதற்குக் காரணம் பெரும்பாலும் ஆவணங்களில் இருக்கும். வில்லங்கச் சான்றில் குறை இல்லை என்பது மட்டும் போதுமானதன்று. அது பதிவான பரிவர்த்தனைகளைக் காட்டுமே தவிர, கட்டட அனுமதியைக் காட்டாது. சொத்து வரி ரசீதும் மின் கட்டண ரசீதும் அனுமதிக்கு ஈடாகா. அனுமதிக்கப்பட்ட வரைபடத்தில் அந்தத் தளம் உள்ளதா, நிறைவுச் சான்றிதழ் அத்தளத்தையும் உள்ளடக்கியதா, மனைப் பங்கு எழுதித் தரப்படுகிறதா, மற்ற வீட்டு உரிமையாளர்களின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் உள்ளதா, கட்டமைப்புப் பொறியாளரின் அறிக்கை எங்கே ஆகிய ஐந்து கேள்விகளுக்கும் காகிதத்தில் விடை கிடைத்தாலன்றி முன்பணம் கொடுப்பது ஆபத்தானது.

கீழ்த்தளங்களில் வாழ்வோரும் வாளாவிருக்கலாகாது. சென்ட்ரிங் பலகைகள் மாடிக்கு ஏறும்போதே வரைபடத்தைக் காட்டுமாறு கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. கான்கிரீட் போட்ட பின்னர் தொடுக்கப்படும் வழக்குகள் பல ஆண்டுகள் நீள்வதையும், அதற்குள் அவ்வீட்டில் ஒரு குடும்பம் குடியேறிவிடுவதையும் கடந்தகால வழக்குகள் காட்டுகின்றன. அதன் பிறகு இடிப்பு உத்தரவு வந்தாலும், தண்டிக்கப்படுவது விதியை மீறியவராக இருப்பதில்லை.

மொட்டை மாடியில் ஒரு வீடு எழுவது குற்றமன்று. உறுதியான அஸ்திவாரமும், மற்றவர்களின் ஒப்புதலும், முறையான அனுமதியும் இருந்தால் அது நகரத்துக்குக் கிடைக்கும் கூடுதல் இருப்பிடம். இவற்றில் ஒன்று குறைந்தாலும், கீழே உறங்குவோர் தாங்கள் ஒப்புக்கொள்ளாத சுமையைத் தலைக்குமேல் சுமக்கின்றனர். 2026 டிசம்பர் 31-ஐ மற்றுமொரு நீட்டிப்புக்கான தேதியாகக் கருதாமல், பாதுகாப்பான மாடிகளை ஏற்கவும் ஆபத்தானவற்றை அகற்றவும் வழிவகுக்கும் நிரந்தர முறையை உருவாக்கும் வாய்ப்பாகக் கொள்வதே தலைநகருக்கும், அதனைப் பின்பற்றும் பிற நகரங்களுக்கும் நன்மை பயக்கும்.